புலன்வினைகளும் 'போல'வும்: ஆங்கில ஒப்பீட்டுத் தொடர்களைத் தமிழ் இலக்கண வழி விளக்குதல்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் லுக், சவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் ஆகிய ஐந்து புலன்வினைகள் 'லைக்' என்னும் சொல்லோடு சேர்ந்து ஒப்பீட்டுத் தொடர்களை ஆக்குகின்றன. தமிழ் மாணவர் இத்தொடர்களில் செய்யும் பிழைகள் கவனக்குறைவால் நேர்வன அல்ல. 'போல' என்னும் ஒரே சொல் தமிழில் வெவ்வேறு பணிகளைச் செய்வதால் நேர்வன. தொல்காப்பியத்தின் உவமவியலும் இடையியலும் தரும் கருத்துகளைக் கொண்டு இப்பணிகளைப் பிரித்துக்காட்ட இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புலன்வினை, உவம உருபு, ஒப்பில் போலி, விரியுவமை, தொகையுவமை, மொழிபெயர்ப்பு.

முன்னுரை

தாம்பரத்தை அடுத்த கல்லூரி ஒன்றில் இளங்கலை மாணவர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி அளித்து வருகையில் இக்கட்டுரையாளர் அடிக்கடி கண்ட பிழை ஒன்று உண்டு. 'அவர் சோர்வாகத் தெரிகிறார்' என்ற தொடரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், பலரும் 'ஹி லுக்ஸ் லைக் டயர்ட்' என எழுதுகின்றனர். 'லைக்' வரக்கூடாது என்று சிவப்பு மையால் அடித்துத் திருத்துகிறோம். ஏன் வரக்கூடாது என்று மாணவர் கேட்டால், 'லைக்' என்பதற்குப் பின் பெயர்ச்சொல்தான் வரவேண்டும் என்று விதியைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். ஒருமுறை ஒரு மாணவி, "சோர்வா இருக்கிற மாதிரி தெரியுதுன்னு தானே ஐயா சொல்றோம்? அந்த மாதிரிதானே லைக்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு ஆங்கில இலக்கணப் பாடநூலில் விடை இல்லை.

இதற்கு நேர்மாறான பிழை தமிழ் விடைத்தாள்களில் காணப்படுகிறது. உவமைத் தொடரைச் சுட்டுக என்ற வினாவுக்கு 'மழை வரும் போலிருக்கிறது' என்ற தொடரை எடுத்து எழுதுகின்றனர். 'போல' இருக்கிறது, ஆகவே உவமை என்பது அவர்கள் முடிவு. இவ்விரு பிழைகளுக்கும் வேர் ஒன்றே என்பது இக்கட்டுரையின் கருத்து.

தொழிலுவமையில் தோன்றாத இடர்ப்பாடு

ஆங்கில உவமையையும் தமிழ் உவமையையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வழக்கம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் பழையது. 1837இல் தோன்றிய அக்கல்லூரி, 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்வதற்கு முன் சென்னை நகரின் நடுவே இயங்கிவந்த காலத்தில், பரிதிமாற் கலைஞர் எனத் தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (1870–1903) அங்குப் பயின்று, பின் தமிழாசிரியராகவும் பணியாற்றினார். முதல்வர் வில்லியம் மில்லர் டென்னிசனின் ஆர்தர் காவியப் பகுதியொன்றில் படகு அன்னத்துக்கு ஒப்பிடப்படுவதைப் பாராட்டியபோது, அவர் கம்பராமாயணத்தில் குகன் செலுத்தும் ஓடம் அன்னத்தின் நடை பெறுவதை எடுத்துக்காட்டினார் என்ற செய்தி பாடநூல்கள் வழியாகத் தமிழுலகம் அறிந்தது.

இந்நிகழ்ச்சியைப் பெருமைக்குரிய செய்தியாகவே சொல்லி வந்துள்ளோம். இலக்கண நோக்கில் இதில் வேறொன்றும் கிடைக்கிறது. இரு கவிஞரும் படகையும் அன்னத்தையும் இயக்கத்தின் அடிப்படையில் ஒப்பிடுகின்றனர். தொல்காப்பியர் கூறும் வினை, பயன், மெய், உரு என்னும் நால்வகையுள் இது வினையுவமம். ஒப்புமைக்கு அடிப்படையான இயக்கத்தை ஆங்கிலம் வினைச்சொல்லால் சொல்கிறது. தமிழ் 'கதி' என்னும் சொல்லால் சொல்கிறது. எதன் அடிப்படையில் ஒப்பு என்பதில் இரு மொழியிலும் ஐயமில்லை. ஆகவே ஒன்றை மற்றொன்றுக்கு எதிர்வைக்க நினைவாற்றலும் சுவையுணர்வும் போதுமானவையாக இருந்தன. இயக்கத்துக்குப் பதிலாகப் புலனுணர்வு ஒப்புமையின் அடிப்படையாகும்போதுதான் இரு மொழிகளும் வேறு வேறு வழிகளில் செல்கின்றன.

ஆங்கிலப் புலன்வினைகளின் இயல்பு

புலன்வினைகளை மொழிதோறும் ஒப்பிட்டு 1983இல் ஆராய்ந்த ஓக்கே விபெர்க், அவற்றின் பயன்பாட்டை மூன்றாகப் பகுத்தார். ஒருவர் முயன்று செய்வது ஒன்று. தாமாக உணர்வது ஒன்று. உணரப்படும் பொருளே எழுவாயாக நிற்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் கேள்விக்கு இவை தனித்தனிச் சொற்களாக உள்ளன: முயன்று கேட்பது லிசன், காதில் விழுவது ஹியர், கேட்கப்படும் பொருளின் தன்மை சவுண்ட். முகர்தல், சுவைத்தல், தொடுதல் ஆகிய மூன்றிலும் ஒரே சொல் மூன்று பணிகளையும் செய்கிறது. நான் பூவை முகர்ந்தாலும், எனக்குப் பூவின் மணம் தெரிந்தாலும், பூவே மணந்தாலும் ஆங்கிலத்தில் ஸ்மெல்தான். தமிழில் 'நான் பூவை முகர்ந்தேன்' என்பதும் 'பூ மணக்கிறது' என்பதும் வேர்ச்சொல்லாலேயே வேறானவை.

ஒப்பீட்டுக்கு உரியது மூன்றாவது பயன்பாடு. அது மூன்று வடிவங்களில் வரும். வினையை அடுத்து நேரே பெயரடை வரலாம்: 'ஹி லுக்ஸ் டயர்ட்'. 'லைக்' பெற்றுப் பெயர்ச்சொல் வரலாம்: 'ஹி லுக்ஸ் லைக் அன் ஓல்ட் மேன்'. 'ஆஸ் இஃப்' அல்லது பேச்சுவழக்கில் 'லைக்' பெற்று முழுத்தொடரே வரலாம்: 'ஹி லுக்ஸ் ஆஸ் இஃப் ஹி ஹாஸ்ன்ட் ஸ்லெப்ட்'. இம்மூன்றுக்கும் தமிழ் நிகர்கள் முறையே 'சோர்வாகத் தெரிகிறார்', 'கிழவர் போலத் தெரிகிறார்', 'உறங்காதவர் போலத் தெரிகிறார்' என்பன. முதல் தொடரில் பண்பைச் சொல்வது '-ஆக' என்னும் விகுதி. ஒப்பீடு அங்கு இல்லை. மற்ற இரண்டிலும் 'போல' வருகிறது. எழுத்துத் தமிழில் மட்டும் பழகியவர்க்கு இவ்வேறுபாடு தெளிவானது. பேச்சுத்தமிழில் '-ஆக' என்பதன் இடத்திலும் 'மாதிரி' நுழைந்துவிட்டது. மேற்சொன்ன மாணவியின் 'சோர்வா இருக்கிற மாதிரி தெரியுது' என்பது அத்தகையது. அவர் ஆங்கிலத்தில் 'லைக்' இட்டது தம் பேச்சுமொழிக்கு உண்மையாக இருந்ததன் விளைவேயாகும். 'உன் தொடரில் மாதிரிக்குப் பதிலாக -ஆக வைத்துச் சொல்லிப் பார். பொருள் மாறவில்லை எனில் லைக் வேண்டா' என்று சொல்லும்போது மாணவர் எளிதில் பிடித்துக்கொள்கின்றனர். 'சோர்வாக' பொருந்துகிறது. 'கிழவராகத் தெரிகிறார்' என்றால் வேறு பொருள். அவர் உண்மையிலேயே கிழவர் என்றும் ஆகலாம். ஆகவே அங்கு 'லைக்' தேவை.

'இட் இஸ் டேஸ்டிங் ஸ்வீட்' என்பது போன்ற நிகழ்காலத் தொடர்வினைப் பிழை பலரும் பேசியது. '-கிறது' என்னும் தமிழ் நிகழ்காலம் இரண்டுக்கும் பொதுவாதலே அதன் காரணம் என்று குறிப்பதற்கு மேல் இங்கு விரிக்க வேண்டியதில்லை.

பண்பைச் சொல்லும் தமிழ்வினை, புலனைச் சொல்லும் ஆங்கிலவினை

ஆங்கிலப் புலன்வினை எந்தப் புலன் என்று சொல்லும். என்ன பண்பு என்று சொல்லாது. 'இட் டேஸ்ட்ஸ் லைக் ஹனி' என்ற தொடரில் நாவால் அறியப்படுவது என்பது வினையில் உள்ளது. இனிப்பு என்பது எங்கும் இல்லை. தமிழில் 'தேன் போல் தித்திக்கிறது' என்கிறோம். பண்பு வினையிலேயே உள்ளது. நா என்பது சொல்லப்படவில்லை. தித்திப்பு வேறெந்தப் புலனுக்கும் உரியதன்று என்பதால் அது தானே பெறப்படும்.

தமிழின் இவ்வியல்பு சுவையில்தான் மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் சுவையைப் பற்றிப் பேசுவோர் ஆறு சுவைகளைச் சொல்வர். அவ்வாறுக்கும் தமிழில் வினைகள் உண்டு: இனிக்கிறது, புளிக்கிறது, கரிக்கிறது, கசக்கிறது, உறைக்கிறது, துவர்க்கிறது. ஆங்கிலத்தில் இவை அனைத்துக்கும் ஒரே வினை. வேறுபாட்டைப் பெயரடைகள் தாங்குகின்றன. துவர்ப்புக்குரிய ஆங்கிலப் பெயரடையோ அன்றாட வழக்கில் அரிது. ஆகவே வாழைப்பூவின் சுவையை ஆங்கிலத்தில் சொல்ல நேரும் மாணவர் உவமையைத் தேடுகிறார். 'இட் டேஸ்ட்ஸ் லைக்...' என்று தொடங்கி, ஒப்பிடப் பொருள் கிடைக்காமல் நின்றுவிடுகிறார். ஆங்கிலம் 'லைக்' தொடரை இவ்வளவு மிகுதியாகப் பயன்படுத்துவதற்குப் பண்பைக் குறிக்கும் வினை அதில் குறைவாக இருப்பதும் ஒரு காரணம் என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

பிற புலன்களில் தமிழின் நிலை ஒரே சீராக இல்லை. நாற்றத்துக்கு 'மணக்கிறது', 'நாறுகிறது' என விருப்பு வெறுப்பு அடிப்படையில் இரு வினைகள். ('நாறுதல்' பழந்தமிழில் நறுமணத்துக்கும் உரியதாயிருந்து பின் இழிந்தது, மாணவர் இதை நம்ப மறுப்பதுண்டு.) ஊற்றுணர்வுக்குச் சுடுகிறது, குளிர்கிறது, வழுவழுக்கிறது, சொரசொரக்கிறது என்பன உள்ளன. ஓசைக்கு ஒலிக்குறிப்பே வினையாகிறது: சலசலக்கிறது, கணகணக்கிறது. பார்வைக்கு வந்தால் நிலை வேறு. 'வானம் சிவக்கிறது' என்பது செந்நிறமாகத் தோன்றுகிறது என்று பொருள்படாது. செந்நிறம் அடைகிறது என்றே பொருள்படும். தோற்றத்தின் தன்மையைச் சொல்லத் 'தெரிகிறது', 'தோன்றுகிறது', 'இருக்கிறது' என்னும் பொதுவினைகளையே நாடவேண்டும். கேள்வியிலும் ஏறத்தாழ அதுவே நிலை. 'பாட்டுக் கேட்கிறது' என்றால் காதில் விழுகிறது என்பதே பொருள்; அதன் தன்மையைச் சொல்வதற்கு அவ்வினை நன்கு இசைவதில்லை.

அவ்வாறாயின் எந்தப் புலன் என்பதைச் சுட்ட வேண்டியபோது தமிழ் என்ன செய்கிறது? 'பார்க்க அழகாக இருக்கிறது', 'கேட்க இனிமையாக இருக்கிறது', 'தொட்டால் பட்டுப் போல் இருக்கிறது' என எச்சங்களைக் கொண்டு சுட்டுகிறது. அல்லது எழுவாயையே மாற்றுகிறது. தொலைபேசியில் ஒருவரிடம் ஆங்கிலத்தில் 'யூ சவுண்ட் டயர்ட்' என்பர், எழுவாய் நீ. தமிழில் 'உன் குரல் சோர்ந்திருக்கிறது' என்போம், எழுவாய் குரல். இதை அறியாத மொழிபெயர்ப்பு 'நீ சோர்வாக ஒலிக்கிறாய்' என்று எழுதுகிறது. விளம்பரங்களிலும் இயந்திர மொழிபெயர்ப்பிலும் 'இத்துணி பட்டுப் போல் உணர்கிறது' என்னும் தொடரைக் காண முடிகிறது. உணர்வது தொடுபவர், துணிக்கு உணர்வு ஏது? தொல்காப்பிய மரபியல் புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு தந்தது. நெய்த துணிக்கு அதுவும் தரவில்லை.

உருபும் புலனும்: உவமவியல் நோக்கு

தொல்காப்பியர் உவம உருபுகளைப் பட்டியலிட்டதோடு நில்லாமல், வினை, பயன், மெய், உரு என்னும் நான்கிற்கும் எட்டெட்டு உருபுகளை உரியவாக்கினார். 'அன்ன', 'மான', 'உறழ' முதலியன வினைக்கு. 'கடுப்ப', 'ஏய்ப்ப', 'புரைய' முதலியன மெய்க்கு. 'போல', 'ஒப்ப', 'நேர' முதலியன உருவுக்கு. மெய்யை வடிவெனவும் உருவை நிறமெனவும் உரையாசிரியர் கொண்டனர். இலக்கிய வழக்கில் இவ்வரையறை பெரிதும் மீறப்பட்டிருப்பதால், பிற்கால ஆய்வாளர் பலர் இந்நூற்பாக்களை விரைவாகக் கடந்துவிடுகின்றனர். நன்னூலார் பன்னிரண்டு உருபுகளை வகைப்படுத்தாமலே கூறியமைந்தார்.

எனினும், இவ்வரையறையின் பின்னுள்ள எண்ணம் நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. ஒப்புமை எதன் அடிப்படையில் அமைகிறது என்பதை ஒப்புமைச் சொல்லே காட்டவேண்டும் என்பது அவ்வெண்ணம். ஆங்கிலத்தில் 'லைக்' இதைச் செய்வதில்லை. அதன் முன் நிற்கும் புலன்வினை செய்கிறது. 'லுக்ஸ் லைக்' கண்ணுக்கு, 'சவுண்ட்ஸ் லைக்' செவிக்கு. அதாவது தொல்காப்பியர் உருபின்மேல் ஏற்றிய பொறுப்பை ஆங்கிலம் வினையின்மேல் ஏற்றுகிறது. இன்றைய தமிழிலோ, நூற்பாவின்படி நிறத்துக்கு உரியதாயிருந்த 'போல' மற்றெல்லா உருபுகளின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. உருபு தன் சுட்டும் ஆற்றலை இழந்ததால், பண்பைச் சொல்லும் வினையும் எச்சமும் அப்பணியை ஏற்றன.

தண்டியலங்காரத்தின் விரியுவமை, தொகையுவமை என்னும் பாகுபாடும் இங்குத் துணைசெய்யும். பொதுத்தன்மை வெளிப்பட நிற்பது விரி; மறைந்து நிற்பது தொகை. 'தேன் போல் தித்திக்கிறது' விரியுவமை. 'டேஸ்ட்ஸ் லைக் ஹனி' என்பதில் பண்பு தொக்கு நிற்கிறது. ஆயினும் முற்றிலும் தொகையன்று. எந்தப் புலனில் அப்பண்பைத் தேடவேண்டும் என்ற குறிப்பு வினையில் எஞ்சியுள்ளது. தேனின் நிறத்தையோ பிசுபிசுப்பையோ கருத இடமில்லை. விரிக்கும் தொகைக்கும் இடைப்பட்ட இந்நிலையைப் 'புலஞ்சுட்டு உவமை' எனக் குறிக்கலாம். 'லைக்' தொடரைத் தமிழாக்கும் மாணவர், தொக்கு நிற்கும் பண்பு யாது என்று முதலில் தேடி, அப்பண்புக்குரிய தமிழ்வினையைப் பெய்தால் மொழிபெயர்ப்பு இயல்பாகிவிடும்.

நாற்றத்திலும் சுவையிலும் மட்டும் ஆங்கிலம் இன்னொரு வேறுபாட்டைக் காட்டுகிறது. 'ஸ்மெல்ஸ் ஆஃப்' என்பது வேறு, 'ஸ்மெல்ஸ் லைக்' என்பது வேறு. குரோம்பேட்டை என்னும் பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் வந்தது. அத்தகைய ஆலையில் வேலை செய்து திரும்பியவரின் சட்டை தோல்வாடை வீசினால் 'ஸ்மெல்ஸ் ஆஃப் லெதர்' என்பர். வாடைக்குக் காரணமான தோல் அங்கே இருந்தது. தோலோடு தொடர்பே இல்லாத ஒரு நெகிழிப் பையில் அதே வாடை வந்தால் 'ஸ்மெல்ஸ் லைக் லெதர்' என்பது பொருத்தம். முன்னது மூலத்தைச் சொல்வது, பின்னது உவமை. தமிழில் முன்னதற்கு 'தோல் வாடை அடிக்கிறது', பின்னதற்கு 'தோல் போல வாடை அடிக்கிறது' என்று சொல்லலாம். ஆனால் நாம் இரண்டிடத்தும் முதல் தொடரையே சொல்லிவிடுகிறோம். பார்வைக்கும் ஓசைக்கும் ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு பெரிதும் இல்லை. நாற்றமும் சுவையும் பொருளிலிருந்து பிரிந்து இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளக் கூடியவை. வடிவம் அவ்வாறு ஒட்டுவதில்லை என்பது காரணமாகலாம்.

ஒப்பில் போலி

இனி, 'மழை வரும் போலிருக்கிறது' என்பதற்கு வருவோம். இங்கு எதை எதனோடு ஒப்பிடுகிறோம்? உவமேயமும் இல்லை, உவமானமும் இல்லை. வானத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். 'இட் லுக்ஸ் லைக் ரெயின்' என்னும் ஆங்கிலத் தொடரும் இத்தகையதே. அங்கு 'இட்' என்பதற்குப் பொருளே இல்லை. இரு மொழிகளிலும் ஒப்புமைச் சொல் ஒப்புமையை விட்டுவிட்டு ஊகத்தைக் குறிக்கிறது.

தொல்காப்பியர் சொல்லதிகார இடையியலில் இதற்கு ஒரு பெயரே தந்துள்ளார்: ஒப்பில் போலி. ஒப்புமைப் பொருளின்றி வரும் 'போலும்' என்னும் சொல்லை உரையசை என்று அவர் வகுத்தார். உவமையைப் பொருளதிகாரத்திலும் ஒப்பில் போலியைச் சொல்லதிகாரத்திலும் வைத்தது தற்செயலன்று. வடிவம் ஒன்றாயினும் இவை வேறு என்பதை இடத்தாலேயே காட்டியிருக்கிறார். அசை எனப்பட்டதில் ஊகப்பொருள் இருக்கிறது என்று இன்றைய மொழியியல் விளக்கும். விடைத்தாளில் 'மழை வரும் போலிருக்கிறது' என்பதை உவமை என எழுதிய மாணவர்க்கு இந்நூற்பா சொல்லித்தரப்பட்டிருந்தால் அப்பிழை நேர்ந்திராது. பள்ளியிலிருந்தே உவமையை 'போல' என்னும் அடையாளத்தால் கண்டறியப் பழக்கிய நாம் அப்பிழையில் பங்குடையோம்.

ஊகத்தைச் சொல்லும்போதும் ஆங்கிலம் புலன் வேறுபாட்டை விடுவதில்லை. கண்டு ஊகித்தால் லுக்ஸ் லைக். கேட்டு ஊகித்தால் சவுண்ட்ஸ் லைக். அடுப்படியிலிருந்து வாடை வந்து ஊகித்தால் ஸ்மெல்ஸ் லைக். தமிழ் எல்லாவற்றுக்கும் 'போலிருக்கிறது' என்கிறது. ஆனால் ஆங்கிலம் வடிவத்தால் பிரிக்காத ஒன்றைத் தமிழ் பிரிக்கிறது. பிறர் சொல்லக் கேட்டதற்குத் தனியே '-ஆம்' உண்டு. தாம்பரம் நடைமேடையில் நிற்பவர் ஒலிபெருக்கி அறிவிப்பை அரைகுறையாகக் கேட்டு 'வண்டி தாமதம் போலிருக்கிறது' என்பார். அருகிலிருந்தவர் சொன்னதைக் கேட்டிருந்தால் 'வண்டி தாமதமாம்' என்பார். முன்னதில் ஊகிப்பவர் தாமே. பின்னதில் பொறுப்பு சொன்னவருடையது. 'இட் சவுண்ட்ஸ் லைக் த டிரெயின் இஸ் லேட்' என்ற ஆங்கிலத் தொடரை மாணவர் பெரும்பாலும் '-ஆம்' கொண்டு மொழிபெயர்க்கின்றனர். 'சவுண்ட்' என்பது செவியைச் சுட்டுவதால், கேள்விப்பட்ட செய்தி என்று கொள்கின்றனர். ஆங்கிலத் தொடரில் பேசுபவர் கேட்டதிலிருந்து தாமே ஒரு முடிவுக்கு வருகிறார். செய்தியைக் கைமாற்றி விடவில்லை. ஆகவே 'போலிருக்கிறது' என்பதே அதற்கு நிகர்.

இவ்விரண்டையும் அடுக்கிச் சொல்லும் வழக்கு ஒன்றும் பேச்சில் உள்ளது: 'வண்டி லேட்டாம் போல'. யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்பதை நாம் ஊகிக்கிறோம். சொன்னதை நேரே கேட்கவில்லை. நடைமேடையில் எதிரே இருவர் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்பதைக் கண்டு ஒருவர் இவ்வாறு சொல்லலாம். இதற்கு ஒரே புலன்வினையால் அமைந்த ஆங்கிலத் தொடரை வகுப்பில் கேட்டபோது மாணவர் 'லுக்ஸ் லைக்', 'சவுண்ட்ஸ் லைக்' என இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். கண்டது கண், ஊகித்ததோ பிறர் செவியில் விழுந்த செய்தியை. இரு கட்சியும் ஏற்கும் தொடர் அன்று கிடைக்கவில்லை.